அரசியின் தகடு

8 ஜூலை, செவ்வாய்
காற்று. உறையூர் ஷெட் முழுக்க மண். அச்சு மெஷினைத் துடைக்கவே அரை மணி.
வாங்க: மண்ணெண்ணெய், மல் துணி, கையுறை.
சென்னை கேலரிக்காரர் போன். "மேடம், உங்க கருப்புப் படத்தைத்தான் முன்னாடி மாட்டறோம்." சரிங்க என்றேன்.
அது என் படம் இல்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.
என் சிநேகிதி தமிழரசியோடது. ஷெட்டும் மெஷினும் எங்க ரெண்டு பேருக்கும் பொது, ஆறு வருஷமா. போன மாசம் துத்தநாகத் தகட்டில் சர்க்கரைப் பாகும் மையும் கலந்து ஒரே மூச்சில் பிரஷ்ஷை வீசினாள். உருவம் கிடையாது, கையோட வேகம் மட்டும். மேலே வார்னிஷ், பிறகு வெந்நீரில் பாகைக் கரைத்து, அந்த இடம் மட்டும் அரிக்கட்டும்னு ஆசிட்டில் இறக்கினாள். அப்போ அவ ஊர் தொட்டியத்திலிருந்து போன். அவ அப்பா விழுந்துட்டார். "உமா, இருபது நிமிஷத்துல எடுத்துடு." ஓடினாள்.
என் வேலையில் மூழ்கி மறந்துட்டேன். ரெண்டு மணி நேரம்.

9 ஜூலை
நேத்து எழுதினதோட மீதி. தகட்டை வெளியே எடுத்தப்போ ஓரமெல்லாம் அரிச்சு, ரெண்டு இடத்தில் ஓட்டை. எப்படி வரும்னு பார்க்க ஒரே ஒரு பிரதி எடுத்தேன். எடுத்ததும் உட்கார்ந்துட்டேன். இத்தனை வருஷத்தில் நான் போட்ட எதுவும் அதுக்குப் பக்கத்தில் நிக்காது.
மறுநாள் என் படங்களைப் பார்க்க கேலரிக்காரர் வந்தார். "இது யாரோடது?" "என்னோடதுதான்." யோசிக்கவே இல்லை.
அரசிகிட்ட, தகடு வீணாப்போச்சு, காயலான் கடையில் போட்டுட்டேன் என்றேன். "போனா போகுது. உன் மேல ஆசிட் படலையே?" என்றாள்.
இன்னைக்குச் சாயந்திரம் வீட்டுக்காரர்: "பேப்பர்ல பேர் வருமா?" உப்புமாவில் உப்பு இல்லை.

10 ஜூலை
மேகம். ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். அரசியோட தெரு முனை வரை போய்த் திரும்பிட்டேன்.

11 ஜூலை, வெள்ளி
போனேன். அரசி பள்ளிக்கூடப் பிள்ளைகளோட டிராயிங் நோட்டைத் திருத்திட்டிருந்தாள். பையிலிருந்து தகட்டை எடுத்து வைத்தேன், போனில் அச்சுப் படத்தையும் காட்டினேன். எல்லாத்தையும் சொன்னேன்.
விரலால் அந்த வீச்சைத் தடவினாள். "இது என் கை."
"ஆமா."
உள்ளேயிருந்து, தொட்டியத்திலிருந்து கூட்டிட்டு வந்திருந்த அவ அப்பா: "யாரும்மா?"
"உமா வந்திருக்காப்பா." எப்பவும் சொல்ற மாதிரியே.
பிறகு என்னிடம்: "மறந்தது பெரிசில்ல. காயலான் கடைன்னு நீ சொன்னதை நம்பி, உன் தலையில வேலையைக் கட்டிட்டுப் போயிட்டேன்னு நான் உன்கிட்ட ஸாரி கேட்டேன். ஞாபகம் இருக்கா?"
இருக்கு.
காபி வரவில்லை. வரேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

12 ஜூலை
கேலரிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "ரெண்டு பேர் பேரும் போட்டுடலாமா?" வேண்டாங்க, அவங்க பேர் மட்டும். அவர்: "உங்க மத்த படங்களை அப்புறம் பார்ப்போம்." என்னோட மூணு படமும் போச்சு.
இவர்: "யாருக்கும் தெரியாதே, ஏன் சொன்னே?" துணி ஊற வைத்தேன்.

14 ஜூலை, திங்கள்
தூறல். அஞ்சு மணிக்கு அரசி ஷெட்டுக்கு வந்தாள், தகட்டோட. மை பூசினாள், துணியால் துடைத்தாள், மெஷினில் ஓட்டினாள். காகிதத்தைத் தூக்கினாள். சாம்பலாய் வந்திருந்தது. இன்னொன்று. அதுவும்.
என்னைப் பார்க்காமல்: "நீ எடுத்த பிரதியில கருப்பு நல்லா நின்னுச்சு. எப்படித் துடைச்சே?"
"துணி கொஞ்சம்தான். மீதி உள்ளங்கையால. ஓரத்துல மையை விட்டுடணும்."
"காட்டு."
காட்டினேன். அவ தகட்டின் மேல் என் கை. மூணாவது பிரதி நல்லா வந்தது. கீழே பென்சிலால் அவ பேரை எழுதினாள். கை கழுவிட்டுக் கிளம்பினாள். நாளைக்கு வருவியான்னு நான் கேக்கலை.