தொடக்கத் தேதி இல்லாத வினவல்

பிப்ரவரி 6, செவ்வாய்

மறுபடி பனி. ராத்திரி கார் இஞ்சினுக்குச் சூடேற்றும் வயரைச் செருக மறந்துவிட்டேன். காலையில் வண்டி முனகக்கூட இல்லை. என் கணவர் ஹார்லன் தன் பிக்கப் வண்டியில் அலுவலகம் கொண்டுவந்து விட்டார். நூலகத்துக்குப் பக்கத்துச் சிக்னலில் பச்சை விளக்கு எரியும்போது நின்றார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"இவனுங்களுக்கு என்ன அவசரம்?" என்றார்.



ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வயதில், ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் பழைய கணினி நிரல்களைப் புதிதாக்கிக்கொண்டிருக்கிறேன். முன்பு தரவுத்தளத்திடம் கேட்க வேண்டியதை முழு வாக்கியமாக நாமே எழுதுவோம். இப்போது நிபந்தனைகளை அரே என்ற ஒரு பட்டியலில் அடுக்கிக் கொடுத்தால் அந்தக் கேள்வியை, வினவலை, நிரலே கட்டிக்கொள்கிறது. சுத்தமான வேலை, கை தவறாது என்று எங்கள் மேலாளர் ட்வைட்டிடம் சொன்னது நான்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

ஹார்லனுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஓட்டுநர் மறுதேர்வுக்கு வர வேண்டுமாம். எழுபது வயது தாண்டி, கடந்த மூன்று வருடத்துக்குள் விபத்தில் சிக்கியவர்களுக்கு வருகிற கடிதம் அது.

"நான் யாரை இடிச்சேன்? சொல்லு, யாரை இடிச்சேன்?" சாப்பாட்டு மேஜையில் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "உன் ஆபீஸ்தானே இது?"

"கேட்டுப் பாக்கறேன்."

"கேளு. பதிலை எழுத்துல வாங்கிட்டு வா."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. நவம்பரில் பால் வாங்கப் போனவர் பக்கத்து மாவட்டத்து பெட்ரோல் பங்க்கிலிருந்து கூப்பிட்டார். "இங்க ரோட்டையெல்லாம் மாத்திட்டாங்க ஆர்டிஸ்." நான் போய்க் கூட்டிவந்தேன். பீனிக்ஸில் இருக்கும் மகனிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். அன்றிலிருந்து நான் சொல்லாமல் வைத்திருப்பதை வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

அந்தக் கடிதங்களைப் பற்றிக் காலையிலிருந்து போன். பதில் சொல்லிச் சொல்லி ட்வைட்டின் குரல் கம்மிவிட்டது.

"ஒரு அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தபால் பெட்டிய இடிச்சாங்களாம். அதுக்கு இப்பக் கூப்பிடறீங்களேன்னு திட்டறாங்க. 'அந்தப் பெட்டிக்காரனையே கட்டிக்கிட்டேன், அந்தத் தண்டனை போதாதா'ங்கறாங்க."

கோரின் சிரித்தாள். என் பக்கத்து மேஜை. நான் எழுதும் நிரலை அவள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அவள் எழுதுவதை நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பா? மூன்று வருடம் அல்லவா எல்லை?

வீட்டுக்கு வந்து ஹார்லனின் கடிதத்தை எடுத்து அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். விபத்து நடந்த வருடம் 1986. ரோட்டில் அவர் வண்டியில் அடிபட்ட அந்த மான்.

"அது என்னைய இடிச்சுது," என்றார். "போலீஸ்காரன்கிட்ட அன்னைக்கே சொன்னேன்."

பிப்ரவரி 12, திங்கள்

பிழை என்னுடையது. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்று பொறுக்கும் நிரல் நான் புதிதாக்கியது.

விபத்துத் தேதிக்கு இரண்டு நிபந்தனைகள். மூன்று வருடத்துக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. போன மாதக் கடைசியைத் தாண்டவும் கூடாது. அரேயில் இரண்டையும் 'விபத்துத் தேதி' என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்துவிட்டேன். ஒரு தலைப்புக்கு ஒரு மதிப்புதான் நிற்கும். இரண்டாவது வந்து உட்கார்ந்ததும் முதலாவது போய்விட்டது. எந்த எச்சரிக்கையும் கிடையாது, நிரல் ஒழுங்காக ஓடியது. 'எது வரை' என்று கேட்டிருக்கிறோம், 'எதிலிருந்து' என்று கேட்கவே இல்லை. வாழ்க்கையில் என்றைக்கோ ஒருமுறை இடித்த எல்லோருக்கும் கடிதம் போயிருக்கிறது. சோதனைக்கு நான் வைத்த விபத்துகள் எல்லாம் புதியவை. அதனால் சோதனையிலும் பிழை சிக்கவில்லை.

கோரினிடம் காட்டினேன். "நானும் பாத்துட்டுதானே சரின்னேன்," என்றாள். "பாதிப் பாவம் எனக்கு."

ட்வைட் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி பண்ணு. தப்பாப் போனதுக்கெல்லாம் ரத்துக் கடிதம் அனுப்பு. இந்த வாரமே."

எல்லாவற்றுக்கும் என்றால் ஹார்லனுக்கும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இப்போது ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனியாக ஒரு குட்டி அரே: எந்தத் தகவல், பெரிதா சிறிதா, எந்த மதிப்பு. தலைப்பே கிடையாது, அதனால் ஒன்று இன்னொன்றைத் தள்ளாது. அரை நாள்கூட ஆகவில்லை.

ரத்துக்கான வினவலையும் எழுதினேன். கடிதம் பெற்றவர்களில், சரியான விதிக்குள் வராத அனைவரும். கடைசியில் இன்னொரு நிபந்தனை: இந்த உரிம எண்கள் நீங்கலாக. அந்த அரேக்குள் ஒரே ஓர் எண்.

என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். அவர் யாரையாவது இடித்த பிறகா பேசுவது? பள்ளி விடும் நேரத்துக்குத்தான் தினமும் காபி குடிக்க வண்டியை எடுக்கிறார்.

பிப்ரவரி 14, புதன்

கோரின் தன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"ஒத்தை நம்பர் ஒண்ணு நிக்குதே, யாரு இது?"

"ஹார்லன்."



"அவ்வளவு மோசமா?"

"பச்சை விளக்குக்கு நிக்கறார்."

"ஐயோ ஆர்டிஸ்." என் கையைத் தொட்டாள். "எடுத்துடு. இதை நான் பாக்கல. குடும்பத்துல யாராவது மறுதேர்வு கேட்டா வைக்கணும்னு விதியே இருக்கே. கையெழுத்துப் போட்டுக் கேளு."

அந்த விதி எனக்குத் தெரியாதா? யார் கேட்டார்கள் என்று ஓட்டுநர் விசாரித்தால் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

எண்ணை எடுத்தேன். கோரின் ஒப்புக்கொண்டாள். சாயங்காலம் கடிதங்கள் போய்விட்டன.

பிப்ரவரி 17, சனி

ரத்துக் கடிதம் வந்தது. குளிர்பதனப் பெட்டி மேல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டு லாயலைக் கூப்பிட்டுக் காட்டினார். "மாநிலமே என்கிட்ட மன்னிப்பு கேட்டுருக்கு, பாத்தியா? அந்த மான்கிட்டயும் கேக்கச் சொல்லணும்."

லாயல் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் இன்னும் யார் யாருக்கு?

பிப்ரவரி 18, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து திரும்பும்போது ஹார்லன் எதிரே வரும் வண்டிகளின் வரிசையில் ஏறிவிட்டார். எதிரே வந்த வண்டிக்காரர் பனிக்குள் இறங்கி ஒதுங்கினார். அந்த வண்டியில் குழந்தை இருக்கை இருந்தது.

 

பிப்ரவரி 20, செவ்வாய்

மறுதேர்வு கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன். கடிதம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஹார்லன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "மறுபடி ஒரு கடிதம் வரும்," என்றேன். "இந்தத் தடவை தப்பில்ல. நான்தான் கேட்டேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"உன் பேரு போட்டா?"

"என் பேரு போட்டுத்தான்."

"நாப்பத்தஞ்சு வருஷம் உன்னைய ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன்."

"ஆமா."

கையைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார். சாத்தாமல் அறைந்திருக்கலாம்.

பிப்ரவரி 26, திங்கள்

பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறார்.

மார்ச் 4, திங்கள்

மகன் கூப்பிட்டான். ஹார்லனே எடுத்துப் பேசினார். நவம்பர் விஷயத்தை அவரே சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். "ரோடு மாத்தலடா. ரோடு அப்படியேதான் இருக்கு."

மார்ச் 14, வியாழன்

தேர்வு நாள். அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். வழுக்கும் என்று படிக்கு உப்புத் தூவினேன். ஹார்லன் பிக்கப்பைச் சூடேற்றிவிட்டு இறங்கி நின்றார். நல்ல சட்டை, தேவாலயத்துக்குப் போடுவது.

நான் வழக்கம்போல, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருகிறவருக்கான வலப்பக்கக் கதவைத் திறக்கப் போனேன். அவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் வந்திருந்தார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

சுற்றிப் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். அவர் உயரத்துக்கு இருந்த இருக்கையை முன்னால் இழுத்தேன்.

"போற வழி உனக்குத் தெரியும்ல?" என்றார்.

முப்பது வருடமாக அங்கேதான் வேலைக்குப் போகிறேன்.

"தெரியும்," என்றேன்.