அந்த லைன் பஸ் நம்பர்

14.7.97, திங்கள், இரவு.

காலையில கிணத்துக்கடவுல, ஸ்கூல் பஸ் ஏற ரோட்டைத் தாண்டி வந்த யூ.கே.ஜி. கவிதாவை நான் கையப் புடிச்சு இழுக்காட்டி அவ்வளவுதான். நின்ன ஸ்கூல் பஸ்ஸை முந்திக்கிட்டுப் போன பிரைவேட் லைன் பஸ் சக்கரத்துல அவ டிபன் பாக்ஸ் நசுங்கிப்போச்சு.

ஸ்டேஷன்ல பஸ் பேரைச் சொன்னேன். "அந்தப் பேர்ல ஆறு பஸ் ஓடுதுங்க டீச்சர், நம்பர் சொல்லுங்க"ன்னார் ஏட்டு. இந்த ரோட்டுல எவன் நம்பர் பாத்து பஸ் ஏறுறான்?

சாயங்காலம் ஊட்டுக்கு வர அதே பஸ். காலையில படியில தொங்கின அதே கண்டக்டர், "ஏனுங்க டீச்சர், இங்க உக்காருங்க"ன்னு எப்பவும் போல இடம் புடிச்சுக் குடுத்தார். உக்காந்துபோட்டேன். எறங்கினதும் நம்பரைப் பாத்தேன். அந்த நேரத்துக்கு எனக்கு வேற பஸ் இல்லை.

புகார்ல கவிதா பேரை எழுதிட்டேன். நம்பருக்கு மட்டும் இடம் விட்டு வெச்சிருக்கேன்.