தோற்ற பிறகு

அண்ணே,

காலையில் கதவைத் திறந்ததும் வெடிமருந்து வாசம் முகத்தில் அடித்தது. வாசலெல்லாம் சிவப்புக் காகிதக் குப்பை. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நேற்று என்னைத் தோற்கடித்த பெண்ணின் ஆட்கள் எங்கள் வீட்டு முன்னாலேயே சரவெடி கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பெருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது உங்கள் நினைவு வந்தது.

நீங்கள் கண் மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இரண்டு முறை கவுன்சிலர், ஒருமுறை ஒன்றியத் தலைவர், சட்டமன்றத்துக்கு நின்று தோற்றும் துவளாதவர் நீங்கள். மேடையேறிப் பேசியே பழகாத நான், போன கவுன்சிலர் தேர்தலில் எதிர்க்கட்சியில் நின்று உங்களை வென்றேன். ஊரே நம்பவில்லை. நானும்தான்.

நான் பதவியேற்ற வாரமே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "உள்ள வரலாமாம்மா? தோத்தவன் வந்திருக்கேன்" என்று சிரித்தீர்கள். காலையில் பஸ் இல்லாததால் உங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நின்றுவிடுகிறார்கள் என்றீர்கள்.

"நான் மட்டும் கேட்டா தோத்தவன் பேச்சுன்னு தள்ளிடுவாங்க. நீயும் வந்தா தட்ட முடியாது."

அன்று மாலையே எங்கள் கட்சியின் ஒன்றியச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "அவரு கூட போனா பேரு அவருக்குத்தான் போவும். அடுத்த தடவ சீட்டு கெடைக்காது, பாத்துக்க." உங்களிடம் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள்.

"பேரு ஒனக்கே இருக்கட்டும்மா. புள்ளைங்களுக்கு பஸ்ஸு வந்தா போதும்."

போனோம். அரியலூர் டெப்போ மேலாளர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் எப்பங்க ஒரே கட்சி ஆனீங்க?"

"கட்சி வேற சார். ரோடு ஒண்ணுதான்" என்றீர்கள்.

உடனே கிடைத்துவிடவில்லை. இல்லை என்று சொல்லச் சொல்ல மறுபடி மறுபடி போனோம். பள்ளி திறந்த நாளில் பஸ் வந்தது. என்னைக் கொடியசைக்கச் சொன்னார்கள். நீங்கள் எதிரே டீக்கடையில் நின்றீர்கள். கூப்பிட்டேன். 'நீ அசைம்மா' என்று கையைக் காட்டிவிட்டீர்கள். பையும் சாப்பாட்டுக் கூடையுமாகப் பிள்ளைகள் ஏறியதைப் பார்த்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டீர்கள்.

செயலாளர் சொன்னதைச் செய்தார். எனக்குச் சீட்டு இல்லை. அதனால் இம்முறை சுயேச்சையாக நின்றேன், தோற்றேன்.

மதியம் தலைக்குக் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஜெயித்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மேளம் சட்டென்று நின்றது. அந்தப் பெண் மாலையோடு எழுந்து, "வாங்கக்கா" என்று நாற்காலி தேடினாள்.

"காலனி தண்ணி டேங்க் ஒழுவுதும்மா. யூனியன் ஆபீசுக்கு எப்ப போலாம்?"

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "நீங்களும் வரீங்களாக்கா? எனக்கு அங்க யாரையும் தெரியாது."

திங்கட்கிழமை இருவரும் போகிறோம். உங்களைப் போல, ஜெயித்தவள் வீட்டு வாசலில் நின்று எனக்குச் சிரிக்க வரவில்லை, அண்ணே. ஆனால் உள்ளே போய்விட்டேன்.