நாற்பது எட்டு

என் அருமை மச்சானுக்கு,

மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டெல்லாம் கரையில் கிடந்த வருஷம் நீ மவுத்தாகி மண்ணுக்குள் போனாய். அதற்கு அடுத்த வருஷம், போட்டுகள் திரும்பக் கடலுக்குப் போய், மாம்புரியில் வெங்காயமும் நல்லா விளைந்த பிறகு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் நான் ஒரு படம் பார்த்தேன். சிரிக்காதே.

மகள் ஸீனத்தான் போட்டாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். "வாப்பா, புதையல் தேடுற படம், பாருங்களேன்" என்றாள். "பைத்தியக்காரக் கூத்து, நான் கொஞ்சம் சாயுறேன்" என்றேன். பத்து நிமிஷத்தில் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்! வரைபடத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடுது, தடியன் கள்ளன் சேற்றில் விழுகிறான். வயிறு நொந்துபோச்சு.

அதில் சாகக் கிடக்கிற கிழவர் ஒருவர், "ஆலமரத்திலிருந்து இருபது எட்டு" என்கிறார். கள்ளர்கள் இருபத்தெட்டு அடி அளந்து தோண்டுகிறார்கள். கிழவர் சொன்னது கால் எடுத்து வைக்கிற எட்டு. இருபதே இருபது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சண்டைக்காலத்தில் நம்மை விரட்டியதால் மன்னாரை விட்டு வெளிக்கிட்ட அன்று, உங்கள் உம்மாவின் பித்தளைச் சஹனைப் புதைத்தோமே, ஆறு பேர் சுற்றியிருந்து தின்கிற தட்டு. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்றுதானே நினைத்தோம்? உன் கடைசித் தங்கச்சி ரஹீமா கிணற்றடியிலிருந்து நடந்து பார்த்து, "நாப்பது எட்டு" என்று கத்தினாள். நான் மூட்டை கட்டிக்கொண்டே கேட்டேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் நாம் போய்த் தோண்டியது நாற்பத்தெட்டில். வெறும் வேர். "நாப்பது எண்டுதான் எனக்கு ஞாபகம், அங்கயும் ஒருக்காத் தோண்டுவமே" என்றாய். "காலையில திண்டதே உனக்கு நினைவில்ல, எண்ட ஞாபகத்தோட மோதாதே" என்றேன். வேனில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ மண்வெட்டியைத் துடைத்து வைத்தாய். அதற்குப் பிறகு சஹன் பேச்சையே நீ எடுக்கவில்லை. என்னோடு ஏன் ஒரு வார்த்தை சண்டை பிடிக்கவில்லை, மச்சான்?

படம் முடிய முதலே கற்பிட்டியில் இருக்கிற ரஹீமாவுக்கு போன் எடுத்தேன். "நாப்பதுதான். நடந்தது எண்ட கால்தானே மச்சான், ரெண்டு பேரில ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?" என்று ஏசினாள்.

அந்தப் படம் எடுத்தவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் கொடுக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு ஞாபகம்தான் பெருமை. அது பிழை என்று தெரிந்தது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நீ சொன்னதுதான் சரி. எனக்கு மாப்புத் தா.

நோன்புக்கு முதல் மன்னாருக்குப் போவேன். சஹன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இந்த முறை நான் எண்ண மாட்டேன். அன்று அந்த வளவில் நின்றவர்களில் இப்போது நீ இல்லை, என் மனைவியும் இல்லை. கிணற்றடியிலிருந்து எட்டு வைத்து நடக்க, என்னைத் தவிர இன்னும் உசிரோடு இருப்பது ஒருத்திதான், நம் ரஹீமா.

உன் மூத்த தங்கச்சியின் மாப்பிள்ளை