துபாய் பிளைட்டுக்கு நாலு மணி நேரம்

வெள்ளிக்கிழமை இரவு, லப்பைக்குடிக்காடு.

விடியற்காலை சுபுஹு தொழுது முடித்தபோது என் கணவர் துபாயிலிருந்து போன் செய்தார். "பிளைட் ஏறிட்டேன். நாலு மணி நேரத்துல திருச்சி வந்துடுவேன்" என்றார். திருச்சியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. மதியத்துக்குள் வந்துவிடுவார் என்று கறி போட்டு ஆணம் காய்ச்சி வைத்தேன். அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜமீலா பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். "எங்க தம்பியும் ஒங்க வூட்டுக்காரரும் ஒரே பிளைட்லதான் வந்தாங்களாம். இன்னும் வந்து சேரலையா?" என்று கேட்டாள். என் முகம் செத்துவிட்டது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். "பிளைட் லேட்டாயிடுச்சு" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. திருச்சியில் யார் வீட்டில் இருந்துவிட்டு வருகிறார்?

மஃரிபு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யச் சட்டைக் கையை மடித்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"என்ன மச்சான் இது?"

"ஒண்ணுமில்லடி, சும்மா ஒரு டெஸ்ட்" என்று அவசரமாகக் கையை இறக்கிவிட்டார்.

வேறொருத்தி இருப்பாளோ என்று பகலெல்லாம் பொருமினேன். இப்போது அது மட்டும்தான் என்றால்கூடப் போதும் என்றிருக்கிறது. பக்கத்தில் தூங்குவது போல் படுத்திருக்கிறார். அவர் தூங்கினால் குறட்டை விடுவார்.