கேட்காமல் இறுக்கிய கேபிள்

மச்சான்,

கிளட்ச் பிளேற் கருகினால் வரும் மணம் உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்த மணம். இப்போது அது நான் இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்திலும் கைவிரலிலும் இருக்கிறது. நீ தங்கச்சி என்று கூப்பிட்ட என் மனைவி சொல்வதை நம்பினால், நான் பிசைந்து தின்னும் சோற்றிலும் இருக்கிறது. பாலையூற்று வீட்டு முற்றத்தில் பைக்கைப் பிரித்துப் போட்டபோது அந்த மணம் மூக்கில் ஏறியது. உடனே நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அறுபதுகூட ஆகாத மனிதனுக்கு மண்ணுக்குள் போக அப்படி என்ன அவசரம்?

கந்தளாய்க்குப் பைக்கில் அரிசி வாங்கப் போனோமே. ஒரு மூட்டை போதும் என்றாய் நீ. இரண்டை ஏற்றினேன் நான். திரும்பும் வழியில் கிளட்ச் கருகி மணந்தது, எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது, பைக்கோ ஆமையாய் ஊர்ந்தது. கீரைக்கட்டோடு சைக்கிளில் வந்த ஒரு கிழவர் எங்களை முந்திப் போனார், திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். "மூட்டைய இறக்கிறதா, உன்ன இறக்கிறதா? நீயே செல்லு மச்சான்" என்றாய். 'சொல்லு' உன் வாயில் எப்போதும் 'செல்லு'தான். நான் இறங்கி நடந்தேன். அன்றைய கருகலுக்கு முழுக் காரணமும் என் பேராசைதான், ஒப்புக்கொள்கிறேன். இந்த முறைக் கருகலில்தான் என் வயிறு எரிகிறது.

என் சின்னமகள் கப்பல்துறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். என் பழைய பைக்கில்தான் போய் வருகிறாள். மழையோ காற்றோ, ஒரு நாளும் விழுந்ததில்லை. போன கிழமை பைக் இழுக்காமல் கத்தத் தொடங்கியது. கண்டி வீதியில் அவள் வழமையாக விடும் கராஜுக்கு நான் கொண்டுபோனேன். கராஜ்காரர் அக்சிலேற்றரை ஒருதரம் முறுக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"கிளட்ச் எரிஞ்சு போச்சு ஐயா. பொம்பிளைப்பிள்ளையள் அரைக் கிளட்ச்சில ஓடினா இப்பிடித்தான். ஒரு ஸ்கூட்டர எடுத்துக் குடுங்கோவன்."

வீட்டில் மனைவி, "நான் அப்பவே சொன்னனான். இனி அவள் பஸ்ஸில போகட்டும்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரரும் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "கியர் பைக் ஆம்பிளையளுக்குத்தான் சரி" என்று தன் பங்குக்குச் சொன்னார். இதெல்லாம் எனக்குப் பழகிய கதை. ஆனால் மகள் பைக் திறப்பைக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "நான்தானப்பா பழுதாக்கிப்போட்டன். எனக்கு இது சரிவராது" என்றாளே, அதைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை.

நானே திருத்துகிறேன் என்று வீம்பு பிடித்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பும் நானும் பிரிந்துவிட்டோம் என்பது உனக்குத் தெரியும். முதல் வேலையாக, ஒயிலை வடிக்க மறந்து எஞ்சின் மூடியைக் கழற்றினேன். பக்கத்தில் பாயில் காய்ந்த மிளகாய்க்கு ஒயில் அபிஷேகம் நடந்தது. அன்று மத்தியானம் எனக்குக் கறி கிடைக்கவில்லை, மனைவியின் வசனம் மட்டும்தான் கிடைத்தது. பழைய பிளேற்றுகள் கருகிப் பளபளத்துப் போயிருந்தன. புதியவற்றை வாங்கி, ஐஸ்கிறீம் டப்பாவில் ஒயில் விட்டு ஊறவைத்து, மறுநாள் பூட்டினேன். ஸ்பிரிங்குகள், மூடி, ஒயில் எல்லாம் ஒழுங்காக வந்தன. கிளட்ச் லீவரைப் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சமும் ஆடாமல் இறுக்கமாக நின்றது. நல்லதுதானே என்று நினைத்தேன். என் அறிவைப் பார்.

சந்தி வரைக்கும் பைக்கை ஓடிப் பார்த்தேன். அதே கத்தல். மச்சான், இப்போது ஓடியது பொம்பிளைப்பிள்ளையா? கிளட்ச் பிடித்தது மீசை வைத்த நான்! பிளேற்றும் புத்தம் புதிது. அப்படியானால் அவளுடைய கையில் என்ன குற்றம்?

அந்தச் சந்தியில் நின்றபடிதான் நாம் வேலைசெய்த துறைமுகச் சரக்குக் கிட்டங்கியை நினைத்தேன். பாரம் தூக்கும் இயந்திரத்தின் சங்கிலி அறுந்த அன்று எல்லோரும் அதை ஓட்டிய என்னையே பார்த்தார்கள். நானும் என் பிழைதானாக்கும் என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்துவிட்டேன். நீ கிண்ணியாவிலிருந்து வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை, மனேஜருக்கு முன்னால் போய் நின்றாய். "ஓட்டினவனக் குத்தம் செல்ல முந்தி, கடைசியாக் கழட்டிப் பூட்டினது ஆர்ர கை எண்டு பாருங்க சேர்" என்றாய். எனக்காக உனக்கு அவ்வளவு ஆத்திரம். பார்த்தால், முந்தின நாள் பூட்டியவர்கள் கொக்கியைப் பிழையாகக் கொழுவியிருந்தார்கள்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து மகளைக் கேட்டேன்.

"பிள்ளை, இதைக் கடைசியாத் தொட்டது ஆர்?"

"கராஜ் அண்ணைதான். போன மாசம் சேர்விசுக்கு விட்டனான். எனக்கு விரல் எட்டாது எண்டு லீவரை லேசாக்கி விட்டவர்."

லேசாக்கினாராம்! கேபிளை இறுக்கினால் சும்மா தொட்டதுமே கிளட்ச் விடும், அது உண்மை. ஆனால் கேபிளில் தொய்வே இல்லையென்றால், லீவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி விட்டபடிதான் நிற்கும். பிளேற்றுகள் ஒன்றையொன்று முழுதாகப் பிடிக்காது, ஓடும் தூரமெல்லாம் உரசி உரசிக் கருகும். எட்டாது என்று முடிவெடுத்ததும் அவர், எரித்ததும் அவர், பழி மட்டும் பிள்ளைக்கு!

நட்டைத் தளர்த்தி, லீவர் அடியில் ஒரு நாணயம் நுழையும் அளவுக்குத் தொய்வு வைத்தேன். பைக் ஒரே இழுவையாக இழுத்தது. மதிலை இடிக்காமல் தப்பியது பக்கத்து வீட்டுக்காரர் செய்த புண்ணியம்.

மகளிடம் விளங்கப்படுத்தினேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகம் சிவந்தது. அலுமாரிக்கு மேலிருந்து திறப்பை எடுத்து, "ஏறுங்கோப்பா" என்றாள். கராஜ் வாசலில் பைக்கை நிறுத்தினாள். எஞ்சினை நிற்பாட்டவில்லை.

"அண்ணை, என்ர கேபிளை ஏன் இறுக்கினனீங்கள்?"

"உங்களுக்கு லேசா இருக்கட்டும் எண்டுதான் தங்கச்சி..."

"நான் கேட்டனானோ?"

கராஜில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். அவர் துணியை எடுத்து, துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"இல்லை... என்ர பிழைதான்."

"பொம்பிளைப்பிள்ளையள்தான் எரிக்கிறது எண்டு அப்பாட்டச் சொன்ன மாதிரி, இதையும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

சொன்னார், மச்சான். பின்னால் இருந்த நானும் சொல்ல ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன், அதற்குத் தேவை வரவில்லை. உன் ஜனாஸா ஊர்வலத்தில் தோள் கொடுத்த நாளிலிருந்து, எனக்காக ஆத்திரப்பட இனி ஆளில்லை என்ற பாரம் என்னை விட்டு இறங்கவில்லை. அது இன்னும் இருக்கிறது. ஆனால் வீடு திரும்பும்போது முன்னால் இருந்த அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மகள் மூன்றாம் கியரில், பிளேற்றுகள் முழுதாகப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்காக ஆத்திரப்பட நான் இருக்கிறேன். நான் போனாலும், தனக்காக ஆத்திரப்பட அவளே இருக்கிறாள்.