217-ஆம் எண் செடியின் அட்டை

அன்புள்ள ஜெசி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். உன் களக்குறிப்பு நோட்டின் முதல் பக்கத்தில், "பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே" என்று எழுதி வைத்திருக்கிறாயே, அந்த மாதிரி. இதை மறைக்கப்போவதில்லை; நம் பங்குக்கோயில் ஆட்களும் என் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

நேற்று கல்லறைத் திருநாள். உனக்கு இது முதல் முறை. உன் மேல் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா மாதிரியே நீயும் ஆரமிச்சிட்டியா? பூவ வெச்சிட்டு மெழுகுத்திரிய கொளுத்துடி" என்று அம்மா அதட்டினாள். அதட்டிவிட்டு அவளே அழுதாள். நான் பார்த்ததில் இரண்டு புல்லுக்குத்தான் எனக்குப் பெயர் தெரிந்தது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். கல்லூரியில் உன் பீரோ இருந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. நீ கல்வராயன் மலையில் எடுத்து, காயவைத்து ஒட்டிய செடித்தாள்களை எடுத்துக்கொள்ள ஆளில்லை என்றதும், அப்பாதான் தெரிந்த வேன் ஒன்றில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீ படுத்த கட்டிலின் மேல்தான் எல்லாக் கட்டும் இருக்கிறது. வீடு முழுக்க அந்துருண்டை வாசனை. ஒரு கட்டுக்குள் வண்டு ஓட்டை போட்டிருந்தது. பதினோரு தாள் போய்விட்டது. எவை எவை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நீ எப்படி வேலை செய்தாய் என்பதை இங்கே படிப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வந்தது, அப்புறம் நின்றே போனது. ஜீப் கிடையாது. அப்பா கண்டக்டராகப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து நடப்பாய். பயணிகள் விட்டுப்போகும் செய்தித்தாள்களை அப்பா சேர்த்துக் கொண்டுவருவார். அவற்றுக்கு நடுவில் செடியை விரித்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டுவாய். உலர்த்தும் கருவி வாங்க வழியில்லாததால் பழைய பலகைப் பெட்டிக்குள் நான்கு குண்டு பல்பு மாட்டினாய். அந்தச் சூட்டில்தான் கல்வராயன் மலையே காய்ந்தது. "மனுசனுக்கு ஃபேனுக்கே கரெண்டு இல்ல, இவ எலைக்கு லைட்டு போட்டு தூங்க வெக்கிறா" என்பாள் அம்மா. பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வயதில் செடிக்குப் பெயர் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்றும் சொல்வாள். நீ சிரித்துக்கொண்டே தாளை மாற்றுவாய்.

ஒருமுறை ஆராய்ச்சி நிதிக்காக ஒரு குழுவின் முன்னால் போய் நின்றாய். இந்தச் செடிகளால் மக்களுக்கு என்ன பயன், ஏதாவது மருந்து வருமா என்று கேட்டார்களாம். வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தெரியாதுங்க. பேரே தெரியாததுக்குப் பயன் எப்படிங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு வந்தாய். நிதி வரவில்லை. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு பன் வாங்கிக் கொடுத்தாய். நீ சாப்பிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது 217-க்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், மூன்று நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட செடிகள் கொண்டுவந்தாய். ஒவ்வொன்றின் தண்டிலும், நகைக்கடையில் விலை எழுதிக் கட்டுவார்களே அந்த மாதிரி, நூல் கோத்த சின்ன அட்டை. அட்டையில் எண் மட்டும் இருக்கும். எங்கே எடுத்தது, பூ என்ன நிறம் என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு நேராக உன் நோட்டில் இருக்கும். பழைய செடித்தாள்களைப் பார்க்க நீ கோயம்புத்தூர் போனபோது, ஈரம் ஊறிய செய்தித்தாளை மாற்றும் வேலையை என்னிடம் விட்டாய். "பேப்பர மட்டும் மாத்து. அட்ட கழண்டுச்சுனா, கழண்டுச்சுனு ஒரு சீட்டு எழுதி வை. நீயா கட்டாத" என்று இரண்டு முறை சொன்னாய்.

இரண்டு அட்டை கழன்றது அக்கா. இரண்டுமே காசித்தும்பை இனத்துச் சின்னச் செடி, இரண்டுக்கும் வெள்ளைப் பூ. நீர் கோத்த தண்டு அழுகி, நூலோடு அட்டை கையில் வந்துவிட்டது. எது 217, எது 218 என்று எனக்குத் தெரியவில்லை. சீட்டு எழுதவில்லை. வேலையைச் சரியாகச் செய்தேன் என்று நீ சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. குத்துமதிப்பாகக் கட்டிவிட்டேன். நீ வந்து பார்த்து, "பரவால்லியே, நல்லா பாத்துக்கினியே" என்றாய்.

அடுத்த வருடம் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான், 217 இதுவரை யாரும் எழுதாத செடியாக இருக்கலாம் என்று உனக்குத் தோன்றியது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய, அதற்கு நெருங்கிய செடியின் பழைய தாள் வெளிநாட்டில் இருந்தது. அங்கே போவது நடக்கிற காரியமா? மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதி, ஒரே ஒரு படம் வாங்கி, அதை உன் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய். கட்டுரை எழுதி அனுப்பினாய். ஒரே ஒரு செடியை வைத்துப் பெயர் வைக்க முடியாது, காயும் விதையும் வேண்டும் என்று பதில் வந்தது.

நோட்டில் 217-க்கு நேராக மேற்குச் சரிவின் ஈரப்பாறை என்று இருந்தது. 218 கிழக்கே, மரநிழலில் ஓடும் ஓடை. இரண்டுக்கும் நடுவில் அரை நாள் நடை. நீ பாறைக்குப் போனாய். அங்கே எங்கும் கிடைக்கிற சாதாரணச் செடிதான் இருந்தது. அடுத்த வருடம் மறுபடியும் போனாய். இடுப்பளவு புல்லில் நாள் முழுக்கத் தேடிவிட்டு, முழங்காலெல்லாம் கீறலோடு வந்தாய். "இருந்த ஒண்ணையும் நானே புடுங்கிட்டேனோ, இன்னாவோ" என்று சொன்னாய். அப்போது நான் உன் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அட்டை கழன்றதைச் சொல்லாமல் அடுத்த வரியை எழுதினேன். அட்டை சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நீயே மாத்திரை போட்டுக்கொண்டாய். உண்ணிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது தாமதமாகிவிட்டது. அந்தப் புல்லில்தான் உண்ணி கடித்தது என்று டாக்டர் சொல்லவில்லை. நாட்களை எண்ணிப் பார்த்தது நான்தான்.

போன மாதம் உன் நோட்டைத் திறந்தேன். 217-க்குப் பக்கத்தில் பென்சிலால், "அழிந்திருக்கலாம். காரணம் நானா?" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றே, அட்டையை நான் குத்துமதிப்பாகக் கட்டியதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா அப்போது தன் காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"இத்தினி நாளு இத்த உள்ளாறவே வெச்சிக்கினா இருந்த?"

"ஆமாப்பா."

"உன்னாலதான்னு நான் சொல்லமாட்டேன். உன்னால இல்லன்னு சொல்லவும் எனக்குத் தெரியல. அந்த ஓடையில செடி இருக்குதா இல்லையான்னு போய் பாத்துட்டு வந்துடலாம், வா."

அவருக்கு ஓய்வு நாள் வந்ததும், கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். அவர் பஸ்ஸிலேயே அவர் டிக்கெட் எடுத்து உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். முதல் தடவை உனக்கு வழிகாட்டக் கூட வந்த மலைக்கிராமத்து அலமேலு அக்காவைத் தேடிப் போனோம். நீ தேடி அலைந்த இரண்டு வருடமும் அவர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விட்டாராம். உன் சாவே அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. நான் செடியின் படத்தைக் காட்டினேன். "இது பாறையில ஏது? ஓடையாண்டதான் அந்தப் பொண்ணு எடுத்துச்சு. கால் வழுக்கி வுழுந்து, செடிய மட்டும் நனையாம தூக்கிப் புடிச்சிக்கினு சிரிச்சுதே" என்றார்.

ஓடையில் இருந்தது அக்கா. ஒன்று இரண்டு இல்லை, கரை நெடுக இருந்தது. எண்ணினேன், நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை, கண் மறைத்தது. நீ பிடுங்கியதால் எதுவும் அழியவில்லை. இதை உனக்கு எப்படித் தெரிவிப்பது?

காய் முற்றியிருந்தது. தொட்டால் வெடிக்கிற காய். அப்பா ஒன்றைத் தொட, டப்பென்று சுருண்டு விதை அவர் கன்னத்தில் அடித்தது. உன் சாவுக்குப் பிறகு அவர் சிரித்ததை அங்கேதான் பார்த்தேன். வெடிக்காத காயைச் சின்னக் காகித உறையால் மூடி அப்படியே கிள்ளினேன். ஐந்து செடி மட்டும் எடுத்தோம். இந்த முறை எண்ணை இடத்திலேயே எழுதி, இரண்டு முடிச்சுப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்ய நினைத்தது, உன் தாளில் நான் கட்டிய அந்த அட்டையை அறுத்து எறிவது. கத்தரிக்கோலை எடுத்தும் விட்டேன். அப்போதுதான் நீ கல்லூரியில் ஒரு பழைய தாளைக் காட்டியது ஞாபகம் வந்தது. ஒரே செடிக்குக் கீழே மூன்று சீட்டு. முதல் ஆள் எழுதிய பெயர் தவறு, இரண்டாம் ஆள் திருத்தியதும் தவறு, மூன்றாவது உன்னுடையது. பழையதைக் கிழிக்கக் கூடாது, திருத்துகிறவர் கீழே தன் சீட்டை ஒட்டி, பெயரும் தேதியும் போட வேண்டும் என்றாய். தப்பு செய்தவர் பெயர் எல்லாருக்கும் தெரியுமே என்று கேட்டேன். "தெரியட்டுமே. அவங்களும் மழையில நனைஞ்சி எடுத்தவங்கதான்" என்றாய்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு இப்படி எழுதி ஒட்டினேன்: "அட்டைகள் 217, 218 உலர்த்தும்போது இடம் மாறின. இந்தச் செடி ஓடைக்கரையில் எடுத்தது. மாற்றிக் கட்டியவரும் திருத்துபவரும் அமலி." தேதி போட்டேன். 218-இன் தாளிலும் அதையே ஒட்டினேன். உன் நோட்டில் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. அதன் கீழே, "அழியவில்லை. காரணம் நீ இல்லை" என்று எழுதினேன்.

மேடத்துக்கு போன் செய்து எல்லாம் சொன்னேன். எண்களைத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, காயை அனுப்பு, கட்டுரையை நான் திருத்தி அனுப்புகிறேன், முதலில் ஜெசிந்தா பெயர்தான் இருக்கும் என்றார். அவருக்கும் இப்போது மைக்ராஸ்கோப் இல்லை. யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறாராம். நீ ஆசைப்பட்டபடி செடிக்கு மலையின் பெயரையே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. கட்டிலில் இருக்கும் கட்டுகள் பத்திரமான ஓர் இடத்துக்குப் போகும் வரை ஒரு தாளையும் இனி வண்டுக்கு விடமாட்டேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன்.

தண்டெல்லாம் நீர் நிறைந்த செடி என்பதால் பல்புப் பெட்டியில் காய நான்கு நாள் ஆகிவிட்டது. இவ்வளவு நாளும் கரண்டைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பல்பு ஃபியூஸ் போனபோது அவளே கடைக்குப் போய் வாங்கிவந்து மாட்டினாள். இப்போது இதை எழுதும்போது எழுந்து போய்ச் செடியைத் தொட்டுப் பார்த்தேன். தண்டு வளையவில்லை, சுள்ளி மாதிரி நிற்கிறது. அட்டைகள் ஐந்தும் கட்டிய இடத்திலேயே இருக்கின்றன. காய்ந்துவிட்டதா என்று அம்மா கேட்டாள். காய்ந்துவிட்டது என்றேன். பெட்டியின் விளக்குகளை அணைத்துவிட்டோம்.

உன் அட்டையை மாற்றிக் கட்டிய,
உன் தங்கச்சி
அமலி